மூடிக்காசு

"எங்கலே பிள்ளை? குடு இங்க."

வேலுத்தாய் இடது கையை நீட்டுகிறாள். வலது கையில் மீன் குழம்புக் கரண்டி. வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்கிற மில்காரர், வேட்டி மடிப்பிலிருந்து கால் பாட்டில் பிராந்தியை உருவி, தூங்குகிற குழந்தையைக் கை மாற்றுவது போல அவளிடம் கொடுக்கிறார். கரண்டியைச் சட்டி மேல் சாத்திவிட்டு, முந்தானை நுனியால் மூடியைப் பொத்திப் பிடித்து ஒரே ஒரு திருகு. கடக்கென்று சத்தம். மூடி அவள் இடுப்புச் சுருக்குப்பைக்குள் போகும். பாட்டில் அடுப்பங்கரைப் பலகைக்குப் போகும். பிறகு வலது கையை நீட்டுவாள். இரண்டு ரூபாய் நாணயம் விழுகிற வரைக்கும் அந்தக் கை மடங்காது. குழம்பு பொங்கினாலும் மடங்காது.

அதற்குப் பெயர் மூடிக்காசு.

ராஜபாளையத்தில் பஞ்சு மில்லின் பின்சுவரை ஒட்டிப் போகிற சந்தில் அவள் மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மீன் வறுக்கிற வாசனைதான் பலகை. முன்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சுகள், பின்கட்டில் வீடு, இரண்டுக்கும் நடுவில் அடுப்பங்கரை. அடுப்பங்கரை வாசலில் ஒரு பழைய பூப்போட்ட சேலை திரையாகத் தொங்கும். ஷிப்டு விட்டால் தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டிய ஆட்கள் வந்து உட்காருவார்கள். பரோட்டா போட சோலைச்சாமி, சோறு வடிக்க வேலுத்தாய். வெளியிலிருந்து வாங்கி வருகிற சரக்கை மெஸ்ஸில் வைத்துக் குடிக்கலாம். ஆனால் அவள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் குடிக்க வேண்டும்.

சட்டம் சின்னதுதான். பாட்டிலைத் திறக்கிறவள் அவள். ஊற்றுகிறவள் அவள். சோற்றில் கை வைக்காதவனுக்கு இரண்டாவது கிளாஸ் கிடையாது. மீதிச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோக மூடி வேண்டும். மூடி வேண்டுமென்றால் இலையில் ஒரு பருக்கை மீதி இருக்கக் கூடாது. ரோஷப்பட்டு, மூடியில்லாத பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களும் உண்டு. வீடு போய்ச் சேரும்போது பாட்டில் காலி, வேட்டிக்குத்தான் போதை.

மில்லில் ரிங் பிரேம் ஓட்டுகிற சுயம்புலிங்கத்துக்கு வாய் நீளம். ஒருநாள் கேட்டே விட்டார். "நாங் காசு குடுத்து வாங்குன சரக்கு. எனக்கும் கை இருக்கு, நானே தொறந்துக்கிடுதேன். இதுக்கு எதுக்குக்கா ஒனக்கு ரெண்டு ரூவா?"

"தொறக்கதுக்கு இல்லலே காசு. தொறந்த பொறவு நீ பேசுத பேச்சை நான் கேக்கணும்லா? அதுக்கு."

ஆரம்பத்தில் இந்த மெஸ்ஸில் பாட்டிலுக்கே இடம் இல்லை. சந்து முனையில் பிராந்திக்கடை வந்த பிறகுதான் வினை வந்தது. ஆட்கள் பெஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்து, தண்ணீர்ச் செம்பில் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு குடிக்கத் தொடங்கினார்கள். பூனை பால் குடித்த கதைதான். ஒரு மத்தியானம் கணக்கு வாத்தியார் ஒருவர், வெயிலில் வந்த களைப்பில், யாரோ கலந்து வைத்திருந்த செம்பைத் தண்ணீர் என்று நினைத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்பாட்டை ராகம் போட்டுப் பாடினாராம். பிள்ளைகள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சந்தோஷமாக வாய்பாடு படித்ததில்லை. வேலுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "ஒளிச்சுக் குடிக்கது எம் மெஸ்ஸுல கிடையாது. கொண்டு வந்தா எங் கையில குடு, காசைக் கட்டு, சோத்தைத் தின்னு, போ" என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

முதலில் மாட்டியவர் அவள் புருஷன் குருசாமி. அதே மில்லில் பிட்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு கால் பாட்டில் அவருக்கு வேண்டும். "நான் இந்த வீட்டு ஆம்பளட்டி" என்றார்.

"வீட்டு ஆம்பளைக்கு உள்கட்டுல எடம். அங்க வந்து மோர் குடிங்க. வெளிக்கட்டுப் பெஞ்சுல ஒக்காந்தா மூடிக்காசு."

குருசாமி பெஞ்சைப் பார்த்தார், உள்கட்டைப் பார்த்தார், கட்டிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் சலுகை கேட்டு வாய் திறக்க முடியவில்லை. தாலி கட்டினவரே கட்டுகிற காசை வேறு எவன் தட்டிக் கழிக்க முடியும்?

மிச்சமிருந்த முணுமுணுப்பும் சேதுபதி வந்த அன்றைக்கு அடங்கியது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், வெளிநாட்டுக் கப்பலில் சமையல் வேலை. லீவில் வந்தவர் பழைய கூட்டாளிகளைப் பார்க்க மெஸ்ஸுக்கு வந்தார். பையிலிருந்து கழுத்து நீண்ட ஒரு பச்சைப் பாட்டிலை எடுத்து வைத்தார். "இதுதான்யா ஒயின். நெசமான திராட்சை."

வேலுத்தாய் வழக்கம்போல முந்தானையால் பிடித்துத் திருகினாள். திருகுவதற்கு அங்கே மூடியே இல்லை. கழுத்துக்குள் தக்கை இறுகிக் கிடந்தது. குருசாமி ஸ்குரூ டிரைவரோடு வந்தார், தக்கை தூளானது. கடைசியில் வேலுத்தாய் அகப்பைக் காம்பை வைத்து உள்ளே ஒரே குத்தாகக் குத்தித் தள்ளிவிட்டாள். தக்கை ஒயினில் மிதக்க, ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினாள். சுயம்புலிங்கம் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது எங்க வீட்டுல சளிக்குப் போடுத கசாயம்லா!"

சேதுபதி சிரித்துக்கொண்டே இரண்டு ரூபாயை எடுத்து வைத்தார். "எங்க கப்பல்லயும் இதான்கா சட்டம். பெரிய பெரிய வெள்ளைக்காரன், கோட்டும் சூட்டும் போட்டுக்கிட்டு ஒல்லாசமா ஊர் சுத்த வாரவன், தனக்குப் புடிச்ச ஒயினைத் தானே கொண்டு வருவான். அதைச் சாப்பாட்டு மேசையில வச்சுத் தொறக்கணும்னா கப்பலுக்குக் காசு கட்டணும். தக்கைக் கூலி. அவன் கொண்டாந்த பாட்டில்தான், ஆனாலும் கட்டுவான்."

வேலுத்தாய் மெதுவாகச் சுயம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டியாலே? வெள்ளைக்காரனே கட்டுதானாம். நீ எந்தக் கப்பல்லலே வந்து எறங்குன?"

இத்தனை கறாரானவளுக்கும் ஒரு இடத்தில் வாய் கட்டிப் போகும். மருமகன் முன்னால்.

அவள் பிறந்த வழியில் மாமியார் மருமகன் எதிரே நிற்பது இல்லை, நேருக்கு நேர் பேசுவது இல்லை. சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று, சுவரிடமோ அடுப்பிடமோ சொல்ல வேண்டும். காது உள்ள மருமகன் கேட்டுக்கொள்வான். ஒரே மகள் செல்லக்கனியை மம்சாபுரத்துப் பொன்னுராஜுக்குக் கட்டிக் கொடுத்தபோது, கல்யாணப் பந்தியில் "அவிய இன்னும் ரெண்டு கரண்டி பாயசம் ஊத்திக்கிடட்டும்" என்று பந்தக்காலிடம் சொன்னவள் அவள். பொன்னுராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். தங்கமான பையன் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை வேலுத்தாய் நம்பினாள், ஆனால் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடி பிறந்தது. ஆடிக்கு அழைக்காத மாமியாரை ஊர் என்ன சொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலுத்தாய் ஆடிச் சீர் கொண்டுபோய் வைத்து, மகளை அழைத்து வந்துவிட்டாள். ஆடி முடியும் மட்டும் புருஷன் பெண்டாட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பது பெரியவர்கள் கணக்கு. செல்லக்கனி மெஸ்ஸின் அடுப்பங்கரையில் தேங்காய் துருவிக்கொண்டும், வாசலை எட்டி எட்டிப் பார்த்து அம்மாவிடம் கொட்டு வாங்கிக்கொண்டும் இருந்தாள்.

முதல் சனிக்கிழமை, ஷிப்டு விட்ட நேரம். பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பொன்னுராஜ் உள்ளே வந்தான். கூடவே இரண்டு கூட்டாளிகள். மூவரும் உட்கார்ந்ததும் கூட்டாளி ஒருவன் மஞ்சள் பையிலிருந்து அரைப் பாட்டில் பிராந்தியை எடுத்து, ஊருக்கே தெரிகிற மாதிரி இலைக்கு நடுவில் வைத்தான்.

"அண்ணாச்சி, இங்க பாட்டிலை உள்ள குடுத்து மூடிக்காசு கட்டணும்" என்றார் சோலைச்சாமி, பரோட்டாவைத் தட்டிக்கொண்டே.

"மாமியா மெஸ்ஸுல மாப்பிள்ளை கிட்ட எவம்டே காசு கேப்பான்?" என்றான் கூட்டாளி. பொன்னுராஜ் மீசையை ஒருதரம் தடவிக்கொண்டான். வரும் வழியெல்லாம் அவனே அப்படித்தான் பெருமை அடித்திருக்க வேண்டும்.

எல்லார் கண்ணும் திரைக்குப் போனது.

திரைக்குப் பின்னால் வேலுத்தாய் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். காசு கேட்டால் மருமகன் முறுக்கிக்கொள்வான். பக்கத்துத் தெருவில் ஒரு மாப்பிள்ளை, ரசம் ஆறிப்போனது என்று கோபித்துக்கொண்டு போனவன், ஆவணியில் பெண்டாட்டியை அழைக்க வரவேயில்லை. கார்த்திகை வரைக்கும் அந்தப் பெண் தாய் வீட்டில் கண்ணீரும் கம்பலையுமாகக் கிடந்தது. கேட்காமல் விட்டாலோ, நாளைக்கு ஒருவன் மச்சினன் என்பான், இன்னொருவன் மாமன் மகன் என்பான், பாட்டிலெல்லாம் மறுபடி பெஞ்சுக்கு அடியில் போகும். அப்புறம் மானமாக அந்த மெஸ்ஸை நடத்த முடியாது.

வெளியிலிருந்து சுயம்புலிங்கத்தின் குரல் வந்தது. "என்னக்கா, மம்சாபுரத்துப் பாட்டிலுக்கு மூடி கெடையாதோ?"

யாரோ சிரித்தார்கள். வேலுத்தாய் உள்ளே வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். "நீங்க போய்க் கேளுங்க."

"நானா? மாப்பிள்ளை கிட்டயா?" குருசாமி ஓரடி பின்னால் போனார். "நான் எங் காசைக் கட்டியாச்சு தாயி. என்னை விட்டுரு."

"நானே போய் வாங்கியாரேம்மா" என்றாள் செல்லக்கனி. தேங்காய்த் துருவலை அதற்குள் ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தே நின்றாள்.

"ஒக்காருட்டி! ஆடியில அவிய மூஞ்சியில நீ முழிக்கப்படாது."

"நீ அவிய முன்னால போகப்படாது. அய்யா போக மாட்டாக. அப்பம் யாரு போவா? பூனையா?"

அப்போது முன்கட்டில் கடக்கென்று மூடி அசைகிற சத்தம் பாதி கேட்டது. கூட்டாளி தானே திருகப் பார்க்கிறான். அந்த மெஸ்ஸில் வேறொரு கை மூடியைத் திருகுவதா? வேலுத்தாய்க்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. மாமியார் முறையை விட முடியாது. மூடிக்காசையும் விட முடியாது. மூன்றில் எதையாவது ஒன்றை விட்டால்தான் நடக்கும் என்றால், ஆடியைத்தான் கொஞ்சம் ஒதுங்கச் சொல்ல வேண்டும்.

"போட்டீ. மூடியைத் திருகு, காசை வாங்கு, வந்துரு. நிக்கப்படாது. சிரிக்கப்படாது."

செல்லக்கனி திரையை விலக்கிக்கொண்டு போனாள். கூட்டாளி கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள். அம்மாவைப் போலவே முந்தானை நுனி, அம்மாவைப் போலவே ஒரே திருகு. கையை நீட்டினாள்.

"மூடிக்காசு."

"எங்கிட்டயா?" என்றான் பொன்னுராஜ்.

"எங்கய்யாவே கட்டுதாக. நீங்க என்ன ஒசத்தி?"

திரைக்குப் பின்னால் வேலுத்தாய் வேண்டாத தெய்வம் இல்லை. பொன்னுராஜ் எழுந்தான். கோபித்துக்கொண்டு கிளம்பத்தான் எழுந்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் சட்டைப் பையில் தேடினான், கால்சட்டைப் பையில் தேடினான், வேண்டுமென்றே நேரம் எடுத்துத் தேடினான். பிறகு இரண்டு ரூபாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். வைத்த விரல் உடனே எடுபடவில்லை.

"இன்னொரு பாட்டில் கொண்டாந்தா?" என்று கேட்டான்.

"அதுக்குத் தனிக் காசு" என்றாள் செல்லக்கனி. சிரிக்கக் கூடாது என்ற சொல்லை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

மருமகன் கோபிக்கவில்லை என்று வேலுத்தாய்க்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு வேறு கவலையும் வந்தது. செவ்வாய்க்கிழமை பொன்னுராஜ் மறுபடி வந்தான், தனியாக, ஒரு கால் பாட்டிலோடு. வியாழக்கிழமை வந்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தான். கேட்டால், "காப்பர் ஒயர் வாங்க வந்தேன், ராஜபாளையத்துலதான் நல்லதாக் கெடைக்கு" என்பான்.

"மம்சாபுரத்துல இருக்க மோட்டார் அம்புட்டும் இந்த ஆடியிலதான் எரியுது போல" என்றார் சோலைச்சாமி.

மருமகன் பெஞ்சுக்குப் போக முடியாததால், அங்கே ஊற்றுகிற வேலையை மட்டும் வேலுத்தாய் சோலைச்சாமியிடம் விட்டிருந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினவள்தான். ஆனாலும், தன் மகளை ஒரு குடிகாரன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சனிக்கிழமை ஒருநாள் குடிக்கிற புருஷனை இரண்டு ரூபாயில் அடக்கியாயிற்று. நினைத்த நாளெல்லாம் குடிக்கிறவனை எதை வைத்து அடக்குவது? இரவெல்லாம் அது பற்றிப் புருஷனிடம் புலம்பினாள். குருசாமி தூங்குவது போலக் கிடந்தார்.

ஒரு மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் பலகையைத் துடைக்கப் போனவள் நின்றாள். மூலையில் கால் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. அரைப் பாட்டில் மட்டும் காலி. அது கூட்டாளிகள் கணக்கு. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். சரக்குதான். ஒரு சொட்டுக் குறையவில்லை.

"சோலை, இது யாரு பிள்ளைக?"

"மாப்பிள்ளைது மதினி. அவிய கிளாஸைத் தொடுததே இல்லையே. ரெண்டாவது கிளாஸா, மொத கிளாஸே கேக்க மாட்டாக. சோத்தைத் தின்னுட்டுத் திரையையே பாத்துக்கிட்டு இருந்துட்டுப் போயிருவாக."

வேலுத்தாய் மகளைப் பார்த்தாள். மகள் அம்மியைப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"அவிய குடிக்க மாட்டாகம்மா. வாசனையே ஆகாது. மொத நாளு கூட்டாளிகளுக்காக வாங்கிட்டு வந்தது."

"பொறவு எதுக்குட்டி நாள் தவறாம வாங்கிட்டு வாராக?"

செல்லக்கனி அம்மியில் மிளகாய் இல்லாமலே அரைத்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டில் வந்தால் மூடி திறக்க ஆள் போக வேண்டும். அந்த ஆள் யார்?

வந்த சிரிப்பை அவள் வெளியே விடவில்லை. அன்றைக்குப் பூராவும் வாயைக் கடித்துக்கொண்டே பரிமாறினாள். அந்த நிறைந்த பாட்டில்களை ஆசையோடு பார்த்துக்கொண்டே குருசாமி வந்தார். "தொறந்த பாட்டில்தான? வீணாப் போயிருமேன்னு..."

"குடிங்க. மூடிக்காசைக் கட்டிட்டுக் குடிங்க."

"ஏட்டி, அதான் மாப்பிள்ளை கட்டிட்டாகளே!"

"மாப்பிள்ளை கட்டுனது மாப்பிள்ளை வாய்க்கு."

அடுத்த முறை பொன்னுராஜ் வந்து உட்கார்ந்ததும், வேலுத்தாய் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, சோற்றுப் பானையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "மூடிக்காசுன்னா பிராந்திக்கு மட்டும்தான்னு யாரு சொன்னா? காசைக் கொண்டுபோய் அந்தக் கடையில எதுக்குக் கொட்டணும்? கலருக்கும் மூடி இருக்குல்லா?"

பானை பதில் சொல்லவில்லை. வெளியே யாரோ புரை ஏறி இருமினார்கள்.

மறுதடவை அவன் கையில் ஆரஞ்சுக் கலர் சோடாப் பாட்டில் இருந்தது. இன்னொரு கையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பொட்டலம், எண்ணெய் கசிந்த காகிதத்தோடு. செல்லக்கனி போய், தகர மூடியை நெம்பித் திறந்து, காசோடு வந்தாள். சில்லறை இல்லையாம். ஐந்து ரூபாய்த் தாள்.

சட்டம் சட்டம்தான். கலர் என்பதற்காகக் காசு குறையாது. இரண்டு ரூபாய் போக மீதி மூன்று. வேலுத்தாய் சுருக்குப்பையைப் பிரித்து, மூடிகளுக்கு நடுவே துழாவி, மூன்று ஒற்றை ரூபாய் நாணயங்களை எடுத்தாள். செல்லக்கனி கையை ஏந்தினாள்.

வேலுத்தாய் ஒன்றை மட்டும் அந்தக் கையில் வைத்தாள்.

"ஒவ்வொண்ணாக் கொண்டுபோய்க் குடு" என்றாள். பிறகு அடுப்பு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நன்றாக எரிகிற விறகையே ஊதத் தொடங்கினாள். மீதி இரண்டு நாணயமும் இருந்த கை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீண்டு, விரிந்தபடியே இருந்தது.